கடல் கடந்தபின் வந்த பெயர்

நைஜீரியா என்ற பெயரை நைஜீரியர் எவரும் வைக்கவில்லை. 1897 ஜனவரியில் லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளேட்டில் ஃப்ளோரா ஷா என்ற பத்திரிகையாளர், நைஜர் ஆற்றை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதிகளுக்குச் சின்னதாக ஒரு பெயர் வேண்டும் என்று எழுதி அந்தச் சொல்லை முன்வைத்தார். பின்னாளில் அவரை மணந்த பிரெடரிக் லுகார்ட் 1914இல் வடக்கையும் தெற்கையும் ஒன்றாக ஒட்டி, அந்தப் பெயரிலேயே ஆண்டார். இன்று மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவிலோ பண்டார் சன்வேயிலோ தனியார் கல்லூரியில் படிக்க வந்து, அடுக்குமாடியில் நாலு பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். ஊரில் அவர் இன்ன குடும்பத்துப் பிள்ளை, இன்ன கிராமத்தான். லேகோஸ் நகருக்குப் போனால் இக்போ இனத்தவர். விமான நிலையத்தில் கடப்பிதழை நீட்டும்போது நைஜீரியர். அடுக்குமாடி லிஃப்டில் ஏறியதும் வெறும் ஆப்பிரிக்கன். மலாய் நாளேடுகள் ஒரு காலத்தில் தாராளமாகப் புழங்கிய சொல்லில் ‘அவாங் ஹித்தாம்’, அதாவது கறுப்பு ஆள். தமிழர் வாயில் அவருக்கு என்ன பெயர் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

வெளிநாட்டில் வாழ்பவரின் பண்பாட்டு அடையாளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதை ஊரிலேயே மூட்டை கட்டிக் கொண்டுவந்த பொருளாகவே பேசுகிறார்கள். மூட்டையில் மொழி, சாமி, சமையல், சடங்கு எல்லாம் இருக்கும். வந்த நாட்டில் அதைப் பத்திரமாகக் காப்பாற்றுகிறோமா, தொலைக்கிறோமா என்பதுதான் கேள்வி என்பார்கள். கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் வாழ்ந்த 150 ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கணக்கு நேராக வரவில்லை. இங்கே முதலில் வந்தது பெயர். அதையும் வைத்தவர்கள் வேறு யாரோ. அந்தப் பெயருக்குள் வாழ்ந்து, அதில் உள்ளடக்கத்தை நிரப்பியதுதான் வந்தவர்களின் வேலையாக இருந்தது. நைஜீரிய மாணவருக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது தமிழருக்கு முன்பே நடந்து முடிந்தது. முடிந்ததாலேயே நமக்கு மறந்தும்விட்டது.

வந்தவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது, தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்கே போய் ஆள் கட்டினான். மாமன் மச்சானை, பங்காளியை, பக்கத்துத் தெருக்காரனை அழைத்துவந்தான். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல பக்கத்திலிருந்தும் ஆள் சேர்ந்து, ஆவடி முகாமிலோ நாகப்பட்டினத்திலோ காத்திருந்து கப்பல் ஏறினார்கள். பின்னாளில் அந்தக் கடல்வழிக்கு முகமாகிப்போன ரஜுலா கப்பல் 1926இல்தான் கட்டப்பட்டது. அதற்கு முன்பே பெருங்கூட்டம் வந்து இறங்கிவிட்டது. கப்பலேறும்போது அவர்களிடம் ‘நீ யார்’ என்று கேட்டிருந்தால் ஊரையும் சாதியையும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு வேறு விடை தேவைப்பட்ட சந்தர்ப்பமே அதுவரை அவர்களுக்கு வந்ததில்லை. கரையிறங்கிய இடத்தில் அவர்களுக்காக ஒரு சொல் முன்பே காத்திருந்தது: ‘கிளிங்’. கலிங்கத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் அந்தச் சொல் பழைய மலாய் நூல்களில் வசையாக இல்லை. மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும், 1801இல் பினாங்கில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அதைக் கௌரவமாகவே தாங்கி நிற்கின்றன. வணிகனைக் குறித்த சொல் கூலியைக் குறிக்கத் தொடங்கிய பிறகுதான் அதில் எச்சில் ஒட்டிக்கொண்டது. சொல் அப்படியே இருந்தது. யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது மாறியது.

அடுத்த பெயரைக் கணக்கெடுப்பு அதிகாரி வைத்தார். நீரிணைக் குடியேற்றங்களின் 1871 கணக்கெடுப்பில் ‘கிளிங்’ ஒரு கட்டம். இருபது ஆண்டு கழித்து அது ‘தமிழரும் பிற இந்திய நாட்டாரும்’ என்று ஆயிற்று. நூற்றாண்டு திரும்பியபின் ‘இந்தியர்’ என்ற ஒரே தலைப்பு நிலைத்தது; தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாம் அதற்குள் உட்கட்டங்கள். 1931 கணக்கெடுப்பை நடத்திய விலீலண்ட், ‘இனம்’ என்று தாம் எழுதும் சொல் கலப்படமானது என்பதை ஒளிக்கவில்லை. பிறந்த நிலம், வம்சம், அரசியல் விசுவாசம், பழகும் கூட்டம் எல்லாவற்றையும் நிர்வாக வசதிக்காகக் கலந்து செய்தது அது என்று அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டார். அந்த வசதியின் பேரப்பிள்ளைதான் இன்றைய மலேசிய விண்ணப்பப் படிவத்தில் வரும் நான்கு கட்டம்: மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின். பள்ளிச் சேர்க்கையில் தொடங்கி வங்கிக் கடன் வரை எத்தனையோ படிவத்தில் ஒரு பிள்ளை அந்த மூன்றாவது கட்டத்தில் குறியிட்டு வளர்கிறது. தாத்தாவுக்குத் தெரியாத அடையாளம் பேரனுக்குக் கைப்பழக்கமாகிவிடுகிறது.

கட்டம் வெறும் காகிதம்தானே, மொழியும் சமயமும் ஒன்றாக இருந்தால் மக்கள் தாமாகவே ஒரே சமூகமாக மாட்டார்களா என்று கேட்கலாம். இதற்குப் பதில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கியபின், அத்தாப்பும் பலகையும் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அந்தச் செங்கல்லுக்குச் சூளை போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்து ரயில் ஓடியது. ரயிலுக்குக் கணக்கு எழுதவும் சிக்னல் காட்டவும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1823இலேயே வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கூடம் திறந்திருந்தார்கள். அந்த மரபில் ஆங்கிலம் படித்தவர்களின் பிள்ளைகள் கிராணி என்னும் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். தண்டவாளம் போட்டவரும் தமிழர், அதன்மேல் ஓடிய வண்டிக்குக் கொடி காட்டியவரும் தமிழர். இரு தரப்பும் சைவம், இரு தரப்புக்கும் முருகன். ஆனால் ஸ்காட் சாலையில் இலங்கைச் சைவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், 1873இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய மகாமாரியம்மன் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தும் இரண்டு உலகமாகவே இருந்தன. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது அபூர்வம். 1957 கணக்கெடுப்பு வந்தபோது, தமிழே பேசிய இலங்கைத் தமிழர் ‘இந்தியர்’ கட்டத்துக்குள் இல்லை. ‘பிறர்’ கட்டத்தில் இருந்தார்கள். பின்னாளில்தான் இந்தியரோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். மொழி இணைத்திருக்க வேண்டிய இடத்தில் சம்பளப் பட்டியல் பிரித்து வைத்தது. மூட்டையில் வந்த பொருள் இரண்டு கூட்டத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அடையாளம் மட்டும் இரண்டாயிற்று.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தமிழன் என்ற பெயரை வெள்ளைக்காரன் வைத்தானா, ஈராயிரம் ஆண்டுப் பழமை எங்கே போயிற்று என்று யாரும் கேட்பார்கள். கேட்பது நியாயம். மொழியின் பெயர் பழையது, இலக்கியம் பழையது, மூவேந்தர் பழையவர்கள். ஆனால் ஒரு மொழிக்குப் பெயர் இருப்பது வேறு. சேலத்துக் காட்டிலிருந்து வந்த ஓர் ஆள் அந்தப் பெயரைத் தன் முதல் விடையாகச் சொல்வது வேறு. மலாயாவில் அந்த இரண்டாவது காரியத்தைச் செய்ய ஆட்கள் மெனக்கெட வேண்டியிருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் கப்பலேறி வந்து ஊர் ஊராகப் பேசினார். 1935இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தொடங்கியது. அதை நடத்திய கோ. சாரங்கபாணி 1952இல் ‘தமிழர் திருநாள்’ என்று ஒரு விழாவையே ஏற்படுத்தினார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்றோ சாதி என்றோ பாராமல் தமிழர் எல்லோரும் தைத் திங்களில் ஒன்றுகூட வேண்டும் என்பது அவர் திட்டம். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்கு நூலகம் சேர்க்க உதவினார். தானாக இருந்த ஒற்றுமைக்கு இவ்வளவு பிரயத்தனம் வேண்டியதில்லை. இதைச் சொல்வதால் அவர் செய்ததன் மதிப்பு குறையாது, கூடத்தான் செய்யும்.

நைஜீரியாவின் யொருபா மக்களின் கதை இதற்குக் கிட்டத்தட்ட நகல். யொருபா என்பது முதலில் ஓயோ நாட்டாரை மட்டும் குறித்து, வடக்கேயுள்ள ஹவுசாக்கள் சொன்ன பெயர். 1821இல் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, மறு ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டு, சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கிவிடப்பட்ட சாமுவேல் அஜாயி க்ரௌதர், அங்கே பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த தம் மொழியினரோடு வளர்ந்தார். 1843இல் யொருபாச் சொற்றொகுதி ஒன்றை அச்சிட்டார். ஓயோ, எக்பா, இஜெபு என்று தனித்தனியே இருந்தவர்கள் ஒரே மொழியார் என்ற எண்ணம், அவர்கள் ஊரைவிட்டு நெடுந்தொலைவில், கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கரையில் வலுப்பட்டது. நாகப்பட்டினத்துக்கும் கிள்ளானுக்கும் நடுவே நடந்ததும் இதுதான்.

இது பெரிய மேடைகளில் மட்டும் நடக்கவில்லை. அடுப்படியிலும் நிரையிலும் நடந்தது. ரப்பர் மரத்துக்குத் தோட்டத் தமிழர் வைத்த பெயர் கித்தா. மலாயின் ‘கெத்தா’விலிருந்து வந்தது. பால் வடியும் கிண்ணம் மங்கு, அதுவும் மலாய். விடியுமுன் ஆள் எண்ணும் அணிவகுப்பு பெரட்டு. அது ஆங்கிலத்தின் ‘பரேட்’. ஒரே வாக்கியத்தில் ‘பெரட்டுக்கு நேரமாச்சு, மங்கு எடுத்துட்டுக் கித்தாக் காட்டுக்குப் போ’ என்றால், தஞ்சாவூரில் இருக்கும் சொந்த அண்ணனுக்குப் பாதி புரியாது. இதைத் தமிழ் கெட்டுப்போனதாகச் சொல்லும் பண்டிதர்கள் உண்டு. எனக்கு இது ஒரு புதுச் சமூகத்தின் பிறப்புச் சான்றிதழாகவே படுகிறது. சாப்பாட்டைப் பாருங்கள். வாழையிலையில் சாப்பிடுவது தமிழ்நாட்டில் விசேஷம் என்றால் விசேஷம், ஓட்டல் என்றால் ஓட்டல். அதற்குமேல் அதில் அர்த்தம் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ‘பனானா லீஃப்’ என்பது ஒரு சாப்பாட்டு வகையின் பெயர். சீனரும் மலாய்க்காரரும் ‘பனானா லீஃப் போகலாம்’ என்கிறார்கள். ஊரில் தட்டாக இருந்தது இங்கே விலாசமாயிற்று. பத்துமலைத் தைப்பூசமும் அப்படித்தான். 1892இலிருந்து நடந்துவரும் அந்தத் திருவிழா பழனியை நினைத்துத் தொடங்கியிருக்கலாம். இன்று அது நாட்டின் மற்ற இனங்களுக்குத் தமிழர் தம்மைக் காட்டும் நாள். 2008இல் கோலாலம்பூரில் பொது விடுமுறையாகவும் ஆயிற்று. நைஜீரியரின் ஜொலோஃப் சோறும் இந்த வழியில் வந்ததே. அந்தப் பெயர் செனகல் பக்கத்து வொலொஃப் மக்களுடையது. ஆனாலும் அதைக் கானாக்காரன் தன்னுடையது என்று சொன்னால் நைஜீரியனுக்குக் கோபம் வருகிறது. வீட்டில் வெறும் சோறாக இருந்ததற்காக வெளிநாட்டிலும் இவ்வளவு சண்டை.

அடுத்தவர் வைத்த பெயருக்குள் சுயமரியாதையை எப்படி நிரப்பினார்கள் என்பதற்கு 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப்போல் நல்ல சான்று வேறில்லை. ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முன்நின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அதை நடத்தியது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியே தமிழனுக்கும் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வை, எங்கள் பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்து, சங்கம் வைக்க விடு என்று பட்டியல் நீண்டது. அதில் ஒரு கோரிக்கை என்னை நிறுத்தி வைக்கிறது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டிய வழக்கத்தை ஒழிக்க வேண்டும். அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். செம்மண் சாலை, இரண்டு பக்கமும் கித்தா மரம், தூரத்தில் துரையின் தொப்பி. சைக்கிளில் வருபவன் பிரேக்கைப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறுகாலைத் தூக்கிப் போட்டு இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். துரை போனபின் ஏறுகிறான். இந்த இறங்கலுக்கு ஊர் வேறுபாடு, சாதி வேறுபாடு எதுவும் கிடையாது, எல்லோரும் இறங்கவேண்டும். ஒரே அவமானம் எல்லோர்மேலும் ஒரேபோல் விழும்போது ஒரே பெயரும் வந்து ஒட்டிக்கொள்கிறது. மே மாதம் நாதனை அரசு பிடித்து நாடு கடத்தியது, கலவரம் மூண்டது, சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள், சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டே ஆண்டில், 1943 அக்டோபரில், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை அறிவித்தபோது, தோட்டத்துப் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக அவரது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அதிகாரி கட்டத்தில் எழுதிய ‘இந்தியர்’ என்ற சொல் முதல்முறையாக அவர்கள் விரும்பி உடுத்த சீருடையாயிற்று.

சாதி எங்கே போயிற்று என்று இங்கே குறுக்கிடுபவருக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். அது எங்கேயும் போகவில்லை. கங்காணி ஊரிலிருந்தே ஆள் கட்டியதால் லயத்து வரிசையிலும் அது தொடர்ந்தது. கோயில் நிர்வாகத்திலும் கல்யாணப் பேச்சிலும் இன்றும் தலைகாட்டுகிறது. ஆனால் வெளியே நின்று பார்ப்பவனுக்கு அது தெரியாது. அடையாளத்துக்கு இரண்டு முகம்: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நான் பேசுவது வெளிமுகத்தைப் பற்றி. அதைக் கொண்டுதான் கூலியும் குடியுரிமையும் அளக்கப்பட்டன.

குடியுரிமையில் பெயரின் எடை இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் மனுப்போடாமல் இருந்துவிட்டார்கள். 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததும் குடிமகனல்லாதவனுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. பல்லாயிரம் பேர் ரஜுலா போன்ற கப்பல்களில் திரும்பிப் போனார்கள். போகாமல் தங்கியவர்களில் பலர், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு (ஐசி) காலம் தள்ளினார்கள். இந்த மண்ணிலேயே உழைத்துக் கிழமாகியும் கையில் குடிமகனுக்குரிய நீல ஐசி இல்லை. பெட்டாலிங் ஜெயாவே ஒரு கித்தாத் தோட்டத்தின்மேல் எழுந்த நகரம். 1950களின் தொடக்கத்தில், கோலாலம்பூர் நெரிசலுக்கு வடிகாலாக, எஃபிங்ஹாம் தோட்டத்தின் 1,200 ஏக்கரை எடுத்து அதை அமைத்தார்கள். அதற்குப் பின் பள்ளத்தாக்கு முழுக்கத் தோட்டம் தோட்டமாக வீடமைப்பு வந்தது. வெளியேறியவர்கள் கம்பத்து வீடுகளிலும் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் ஒதுங்கினார்கள். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் தெற்கோரம் கம்போங் மேடானில் மூண்ட மோதலில் ஆறு பேர் உயிர் போயிற்று. அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர். தெருவில் ஆயுதத்தோடு நின்றவன் யாரையும் தஞ்சாவூரா சேலமா என்று விசாரிக்கவில்லை.

இப்போது கடைசி மறுப்பு. தமிழரையும் நைஜீரியரையும் ஒரே தராசில் வைக்கலாமா? நாம் காடு வெட்டி ரயில்பாதை போட்டு இந்த நாட்டை உண்டாக்கினோம். அவர்கள் மாணவர் விசாவில் நேற்று வந்தவர்கள், அதிலும் சிலர் இணைய மோசடியில் பிடிபடுகிறார்கள் என்பது நம் வீடுகளில் சகஜமாகக் கேட்கும் பேச்சு. முதல் பாதி உண்மை. உழைப்புக் கணக்கில் ஒப்பீடே கிடையாது. நானும் உழைப்பை ஒப்பிடவில்லை, பெயர் ஒட்டப்படும் விதத்தை ஒப்பிடுகிறேன். 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தபின், கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவரை மலேசியா தானாகவே விரும்பி அழைத்தது. அன்று தோட்ட முதலாளி கூலியை அழைத்ததுபோலத்தான். இரண்டாவது பாதியில்தான் நம் ஞாபகமறதி தெரிகிறது. ஒரு சிலர் செய்ததை ஓர் இனத்தின் குணமாக எழுதும் பழக்கம் நம்மேலும் பாய்ந்தது. தமிழன் குடிகாரன், அடங்கிப் போகிறவன் என்று அன்றைய காலனி அதிகாரிகள் எழுதினார்கள். குண்டர் கும்பல் என்று செய்தி வந்தாலே தமிழ்ப் பெயரைத் தேடும் கண்கள் இன்றும் இருக்கின்றன. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் திறந்தவன் யார், இளைஞனைத் தோட்டத்திலிருந்து எடுத்துப் புறம்போக்கில் எறிந்தவன் யார் என்று நாம் திருப்பிக் கேட்டோம். சரியான கேள்வி. போலிக் கல்லூரியிடம் பணம் கட்டி ஏமாந்து, விசா காலாவதியாகி, வேலை செய்ய அனுமதியும் இல்லாமல் நிற்பவனுக்காக அதே கேள்வியைக் கேட்க நமக்கு ஏன் வாய் வரவில்லை?

வராததற்குக் காரணம் நம் வாயில் வேறு ஒரு சொல் இருப்பதுதான். ‘கிளிங்’ என்ற சொல் காதில் விழுந்தால் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை நமக்கு ரத்தம் கொதிக்கிறது. அகராதியிலிருந்தே எடு என்று நம் சங்கங்கள் குரல் கொடுத்தன. அதே தெருவில் ஒரு கறுப்பு இளைஞன் கடந்துபோனால், பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டே ‘காப்பிலி’ என்கிறோம். போர்த்துகீசியர் காலத்துக் கப்பல்களோடு வந்த அரபுச் சொல் ஒன்றின் சிதைவு அது. அடிமை வணிகத்தின் வாடை இன்னும் அதில் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது வசை என்பதே தெரியாது. ‘கிளிங்’ என்று சொன்ன பலருக்கும் தெரியாதுதான்.

தமிழ் நாளேடுகளில் செய்தி எழுதுபவர்களுக்கும், வானொலியில் வாசிப்பவர்களுக்கும், அடுக்குமாடி நிர்வாகக் கூட்டங்களில் பேசுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த மாணவரைப் பற்றி அடுத்தமுறை ஏதாவது சொல்லவேண்டி வந்தால், அவர் எந்த ஊர், தம்மை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்று முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள். நம் ஆட்களுக்கு ‘கிளிங்’ என்று பெயர் ஒட்டியவர்கள் அதைக் கேட்கவில்லை.